முதலில் கானை வரையுங்கள்

ஹட்டனிலிருந்து ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கட்டடக்கலை படிக்க விரும்புகிறார். "காலநிலை மாற்றத்துக்குக் கட்டடக் கலைஞர்கள் என்ன செய்யலாம் என்று தேடினால் கண்ணாடிக் கோபுரங்களும் சுவரில் தொங்கும் தோட்டங்களும்தான் வருகின்றன. எங்கள் தோட்டப் பக்கம் லயம் என்ற வரிசை வீடுகளும் தகரக் கூரையும் மண்சரிவும். இங்கே வேலை செய்ய நினைக்கிறவர் எதில் கவனம் வைக்க வேண்டும்? படிக்க மொரட்டுவைப் பல்கலைக்கழகமா, கொழும்பு சிட்டி ஸ்கூல் ஒஃப் ஆர்க்கிடெக்சரா என்பதையும் சொல்லுங்கள்."

கண்ணாடிக் கோபுரத்தை விட்டுவிடுங்கள். அந்தப் படங்களில் உள்ளவை ஏசி இல்லாமல் இருக்க முடியாத நகரங்களுக்குச் சொன்ன விடைகள். அங்கே ஒரு கட்டடம் இருக்கிற காலம் முழுக்க மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதைக் குறைப்பதுதான் முதல் வேலை. ஹட்டனில் யார் வீட்டில் ஏசி ஓடுகிறது? நாலு பல்பு, ஒரு டிவி, வசதியிருந்தால் ஒரு பிரிட்ஜ். நம் வீடுகள் காற்றில் விடுகிற கரியின், அதாவது கார்பனின், பெரும்பங்கு கட்டும்போதே போய்விடுகிறது, சீமெந்தாகவும் கம்பியாகவும் லொறி டீசலாகவும். உலகம் முழுக்க வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் 7, 8 சதவீதம் சீமெந்து தயாரிப்பிலிருந்து மட்டும் வருகிறது. அப்படிக் கட்டிய வீடு பத்து வருடத்தில் மண்ணோடு இறங்கிப்போய், அதே குடும்பத்துக்கு இன்னொரு வீடு கட்ட வேண்டி வந்தால் செலவும் இரட்டை, கரியும் இரட்டை. அதன் கூரையில் எத்தனை சோலார் பேனல் வைத்திருந்தாலும் அந்தக் கணக்கு நேராகாது. எனவே என் பதில் பெரும்பாலும் தண்ணீரையும், அதைக் கொண்டுபோகும் கானையும் (வடிகாலையும்) பற்றியது.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைப் பிடித்து வைக்கும். இது பௌதிகம், இதில் வாதத்துக்கு இடமில்லை. மலையில் அதன் அர்த்தம், வருடத்து மொத்த மழை கூடினாலும் கூடாவிட்டாலும், பெய்கிற அன்று கொட்டித் தீர்க்கும் என்பதுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பாக இரு, 100 என்றால் தயாராகு, 150 என்றால் வெளியேறு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனது உங்களுக்கு நினைவிருக்காது, அப்போது நீங்கள் சிறு பிள்ளை. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலை மறந்திருக்க மாட்டீர்கள். நாடு முழுக்க அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலானோர் கண்டி, பதுளை, நுவரெலியா போன்ற மலை மாவட்டங்களில்.

சரி, இதில் கட்டடக் கலைஞருக்கு என்ன வேலை? மழையை நிறுத்த முடியாது, மலையையும் கட்டிப்போட முடியாது. ஆனால் ஒரு வீடு கட்டும்போது அந்த மலையில் தண்ணீர் ஓடும் பாதையை நாம் மாற்றிவிடுகிறோம். அது நம் கையில்தான் இருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். தோட்டப்புறத்தில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் கட்டப்பட்ட வீடு 550 சதுர அடி, காணி ஏழு பேர்ச்சஸ் (சுமார் 1,900 சதுர அடி). தாழ்வாரத்தையும் சேர்த்தால் கூரை சுமார் 60 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிமீட்டர் மழைக்கு அந்த ஒரு கூரையிலிருந்து 6,000 லீட்டர் தண்ணீர் இறங்கும். ஐம்பது வீட்டுத் திட்டம் என்றால் மூன்று லட்சம் லீட்டர், அதாவது 300 தொன். வீடு வருவதற்கு முன் இதே மழை தேயிலைச் செடி மேலும் புல் மேலும் பரவலாக விழுந்து, கொஞ்சம் ஊறி, கொஞ்சம் வழிந்து போனது. இப்போது கூரையில் சேர்ந்து, கூரை ஓரத்துப் பீலி வழியே ஒரே மூலையில் கொட்டுகிறது. பீலியே இல்லாவிட்டால் சுவரோரத்து மண்ணைத் தோண்டி அத்திவாரத்துக்குள் போகிறது. மழைநீர் சேமிக்க 1,000 லீட்டர் தாங்கி வைத்தோம் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். வைக்கட்டும், வரட்சியில் உதவும். ஆனால் 17 மில்லிமீட்டர் மழைக்கே அது நிரம்பிவிடும். மிச்சம் 83 மில்லிமீட்டருக்கும் பாதை காட்ட வேண்டியது நீங்கள்தான்.

அதனால்தான் முதலில் கானை வரையுங்கள் என்கிறேன். வீட்டின் பிளானுக்கு முன்னால், காணியின் படத்தில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே திரும்புகிறது, எந்த ஓடையில் போய் விழுகிறது என்று கோடு போடுங்கள். கோடு காணி எல்லையோடு நிற்கக்கூடாது. என் எல்லை வரை கான் கட்டிவிட்டேன் என்று கீழ்வீட்டுக்காரர் தலையில் தண்ணீரை விடுவது மலையகத்தில் நடக்கும் பாதிச் சண்டைக்குக் காரணம், சில சமயம் அதைவிட மோசமான விஷயங்களுக்கும். தேயிலை மலைகளில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, அதையெல்லாம் ஒரு பெரிய கானில் சேர்த்து, ஓடையில் விடுவது தோட்டம் போட்ட காலத்திலிருந்து இருக்கும் முறை. உங்கள் தாத்தா கான் வெட்டியவராக இருந்தால் அவரிடம் ஒரு மணி நேரம் பேசிப் பாருங்கள். எந்த அளவு சாய்வு கொடுத்தால் மண் அரிக்காமல் தண்ணீர் ஓடும் என்பது அவர் காலுக்குத் தெரியும். பல தோட்டங்களில் கான்கள் இன்று தூர்ந்துபோய்க் கிடக்கின்றன. அவற்றின் மேலேயே வீட்டுக்கு நிலம் வெட்டுகிறோம்.

இன்னொன்று. சமவெளிக்காரர்கள் எழுதிய பசுமைக் கட்டடக் கையேடுகள் எல்லாவற்றிலும் மழைநீரை நிலத்துக்குள் இறக்குங்கள், கசிவுக் குழி வையுங்கள் என்று இருக்கும். யாழ்ப்பாணத்துக்கு அது உத்தமமான ஆலோசனை. செங்குத்துச் சரிவில், அதிலும் மண் ஆழமாக உள்ள இடத்தில், அது ஆபத்து. மண் துகள்களுக்கிடையே தண்ணீர் ஏறஏற அவை ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளர்கிறது. மண்ணின் எடையும் கூடுகிறது. சரிவை இறக்கிவிட இவ்வளவு போதும். கழிவறைக் குழி வீட்டுக்கு மேல்பக்கம் இருப்பதும் இதே கதைதான். கழிவு நீரைச் சரிவுக்குக் கீழே, பாதுகாப்பான இடம் வரைக்கும் குழாயில் கொண்டுபோக வேண்டும். செலவுதான். ஆனாலும் செய்ய வேண்டும். பசுமைச் சான்றிதழ் பட்டியலில் எது புள்ளி வாங்கித் தரும் என்று பார்ப்பதற்கு முன்னால், இந்தச் சரிவுக்கு இது பொருந்துமா என்று கேளுங்கள்.

அப்புறம் தடுப்புச் சுவர். நம் ஊரில் வீட்டுக்கு அடுத்தபடியாக அதிகச் சீமெந்து விழுங்குவது இதுதான். அதிகமாக விழுவதும் இதுதான். பத்து அடி உயரச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் தண்ணீர் தேங்கி மேல்வரை நின்றால், மண்ணின் தள்ளல் போக, தண்ணீர் மட்டும் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் நாலரை தொன் விசையோடு தள்ளும். ஆகவே சுவரைப் பருமனாக்குவதைவிடத் தண்ணீரை வெளியே விடுவது மலிவு. இது எல்லோருக்கும் தெரியும், சுவரில் ஓட்டை வைக்கிறார்கள். ஆனால் கிட்டப் போய்ப் பாருங்கள். குழாய்த் துண்டு உள்பக்கம் சாய்ந்திருக்கும். அல்லது மேசன் பாஸ் பூசும்போது வாயைச் சாந்தால் அடைத்திருப்பார். அல்லது சுவருக்குப் பின்னால் கல்லே போடாமல் வெட்டிய களிமண்ணையே திருப்பிக் கொட்டியிருப்பார்கள். முதல் மழையிலேயே குழாய் அடைத்துக்கொள்ளும். சரியாகச் செய்வதென்றால் சுவரின் முதுகை ஒட்டி ஓர் அடியாவது உடைகல், அதற்கும் மண்ணுக்கும் நடுவே மண்ணை வடிகட்டும் துணி, அடியில் நீளமாக ஒரு ஓட்டைக் குழாய், சுவரில் ஆறு அடிக்கு ஒன்றாக முன்பக்கம் சாய்ந்த வடிகுழாய்கள். மேலே, சுவரின் தலைமாட்டில், ஒரு சீமெந்துக் கான். பெருமழை பெய்து விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள்: குழாய் வாயில் தண்ணீர் சொட்டினால் சுவர் வேலை செய்கிறது. சுற்றிலும் எல்லாம் நனைந்திருக்க அந்தக் குழாய்கள் மட்டும் காய்ந்திருந்தால் பின்னால் தண்ணீர் மாட்டிக்கொண்டிருக்கலாம். உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

கருங்கல் கிடைக்கிற இடத்தில் நான் கொங்கிரீட் சுவரைவிடக் கம்பிக் கூடைக்குள் கல் அடுக்கும் கேபியனையே விரும்புவேன். சீமெந்து வேண்டாம், தண்ணீர் தானாக வடியும், மண் கொஞ்சம் அசைந்தால் அதுவும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இடம் அதிகம் பிடிக்கும் என்பதுதான் குறை. ஏழு பேர்ச்சஸில் அது சின்னக் குறை இல்லை. வெட்டுமுகத்தின் மேல் வெட்டிவேர் நடலாம், அதன் வேர் மூன்று மீட்டர் வரை நேராக இறங்கும். ஆழமான சரிவை அது பிடித்து நிறுத்தாது. மேல்மண் அரிப்புக்குத்தான் அது மருந்து.

சுவரே தேவைப்படாத வீடு இன்னும் மேல். இங்கே கட்டடக் கலைஞரின் மூளைக்கு உண்மையான வேலை இருக்கிறது. கொழும்பிலிருந்து வரும் பிளான் தட்டையான நிலத்துக்குப் போட்டது. அதை மலையில் வைக்க, மலையைத் தட்டையாக வெட்டுகிறார்கள்: பின்பக்கம் பத்து அடி வெட்டு, முன்பக்கம் வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பல். வீட்டின் முன்பாதி அந்த நிரப்பு மண் மேல். மூன்று வருடத்தில் வரவேற்பறைச் சுவரில் வெடிப்பு. வீட்டை ஒல்லியாக்கி, சரிவில் ஒரே உயரத்தில் ஓடும் சமவுயரக் கோட்டோடு நீளவாட்டில் வைத்து, உள்ளே மூன்று படி இறங்கினால் சமையலறை என்று தளத்தை உடைத்தால், பத்து அடி வெட்டு நாலு அடியாகிவிடும். கண்டியில் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா இதைத்தான் செய்தார். 1918இல் பிறந்தவர், 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் இணைந்த முதல் ஆசியப் பெண். சரிவில் தளங்களை ஏற்றி இறக்கிக் கட்டிய கருணாரத்ன வீடு 1951இல் முடிந்தது. மலைக்கு வெளியே, தம்புள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு இலங்கைக் கட்டடக் கலைஞரான ஜெஃப்ரி பாவாவின் கந்தலமை ஹோட்டலையும் ஒருமுறை பாருங்கள். பாறையை வெட்டாமல் தூண்கள் மேல் நிற்கிறது, மழைத் தண்ணீர் கட்டடத்துக்கு அடியில் தன் வழியில் போகிறது.

மினெட்டிடம் கற்க இன்னொன்றும் உண்டு. 1950களின் பிற்பகுதியில் கண்டி வத்தபுலுவையில் அரச ஊழியர்களுக்கு வீடமைப்புத் திட்டம் வரைந்தபோது, குடிவரப்போகிறவர்களிடமே வினாத்தாள் கொடுத்து எப்படி வாழ்கிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்டு, அதற்குத் தகுந்தாற்போல் பல மாதிரி வீடுகளை வடிவமைத்தார். இது நமக்கு ஏன் முக்கியம்? எந்தப் பொறியியலாளரைக் கேட்டாலும் சொல்வார்: தனித்தனி வீடு, ஆளுக்கு ஏழு பேர்ச்சஸ், ஒவ்வொன்றுக்கும் தனி வெட்டு என்பது மலையை ரணமாக்கும் முறை, ஒட்டி ஒட்டிக் கட்டினால் வெட்டும் குறையும், சுவரும் மிச்சம், கானும் ஒன்றே போதும். கணக்கு சரிதான். ஆனால் தோட்டத்து மக்களிடம் போய் ஒட்டிய வீடு என்று சொல்லிப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா என்ற ஒற்றை அறையிலும் இஸ்தோப்பு என்ற முன் திண்ணையிலும் தலைமுறை தலைமுறையாக அடைபட்டு, பக்கத்துக் காம்பராவின் இருமலைக் கேட்டபடி தூங்கியவர்கள். மறுபடி லயமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் எந்தக் கார்பன் கணக்கும் நிற்காது, நிற்கவும் கூடாது. என் அபிப்பிராயம், இரண்டு இரண்டாக ஒட்டிய வீடுகள், ஒன்று மற்றதைவிட அரை மாடி இறக்கத்தில், வாசல்கள் எதிரெதிர்ப் பக்கம், நடுச்சுவர் இரட்டைச் சுவராகச் சத்தம் கடத்தாமல், காணி உறுதி ஆளுக்கொன்று தனியாக. இதை வரைந்து, மாதிரி செய்து, கோயில் முற்றத்தில் வைத்துப் பேசிப் பார்க்க வேண்டும். நாலு பேர் திட்டுவார்கள். அதில்தான் நல்ல பிளான் வரும்.

பொருட்களுக்கு வருவோம். வெட்டிய மண்ணை என்ன செய்வது? வழக்கமாக லொறியில் ஏற்றி எங்காவது சரிவு விளிம்பில் கொட்டுவார்கள், அது அடுத்த மழைக்கு இறங்கும். அந்த மண்ணிலேயே கல் அறுக்கலாம். சிறிதளவு சீமெந்து கலந்து அழுத்திச் செய்யும் மண்கல்லுக்கு எஸ்.எல்.எஸ். 1382 என்ற இலங்கைத் தரமே இருக்கிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதில் நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சீமெந்து பொதுவாக 5 முதல் 10 சதவீதம். மேல்மண் ஆகாது, அதில் வேரும் மக்கும் இருக்கும், அடிமண்தான் வேண்டும். மண் சரியா என்று பார்க்க ஆய்வுகூடம் போவதற்கு முன் ஒரு ஜாம் போத்தல் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மணல் அடியில், அதன் மேல் வண்டல், எல்லாவற்றுக்கும் மேல் களி என்று படலம் படலமாகப் பிரியும். களி அதிகமென்றால் கல் காயும்போது வெடிக்கும், மணல் சேர்க்க வேண்டும். அறுத்த கல்லை முதல் வாரமாவது பொலித்தீனால் மூடி ஈரம் காக்க வேண்டும். அடை மழைக் காலத்தில் நுவரெலியாவில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். கருங்கல் அத்திவாரம் நிலத்துக்கு மேல் ஒன்றரை அடியாவது எழும்ப வேண்டும், தாழ்வாரம் மூன்று அடி வெளியே நீள வேண்டும். பழைய கண்டிய வீடுகள் உயர்ந்த கல் பீடத்திலும் அகலமான கூரையின் கீழும் இருப்பது சும்மா இல்லை.

மக்களிடம் தயக்கம் இருக்கும். மண் வீடு என்றால் ஏழை வீடு என்று ஆகிவிட்டது. பாடசாலை, கூட்டுறவுக் கடை, தோட்டத்துரையின் அலுவலகம் ஒன்றையாவது முதலில் மண்கல்லில் கட்டிக் காட்டினால் அந்தத் தயக்கம் பாதி போய்விடும்.

குளிரைப் பற்றிச் சுருக்கமாக. மலையகம் ஒரே காலநிலை இல்லை. கண்டி 500 மீட்டர் உயரம், ஹட்டன் 1,270, நுவரெலியா கிட்டத்தட்ட 1,870. கண்டியில் மேற்கு வெயிலை மறைக்க வேண்டும், நுவரெலியாவில் வெயிலைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டும். குளிர் கடுமையான டிசம்பர், ஜனவரியில் நம் நண்பகல் சூரியன் தெற்கே சுமார் 60 பாகை உயரத்தில் நிற்கும். எனவே மேட்டு நிலத்தில் பெரிய ஜன்னல் தெற்குப் பக்கம். சரிவு வடக்கே பார்த்திருந்தால் மலையே வெயிலை மறைக்கும், அப்போது கூரையின் மேல்பகுதியில் ஒரு கண்ணாடி. ஹட்டன் பக்கம் தென்மேற்கு மழை அடிக்கும், பதுளை பக்கம் வடகிழக்கு. அந்தப் பக்கத்து வாசலுக்கு நீண்ட இஸ்தோப்பு.

தகரக் கூரையின் கீழ் விடியற்காலையில் படுத்திருந்தால் முகத்தில் சொட்டு விழும். ஓட்டை இல்லை அது. இரவு வானத்துக்குச் சூட்டை விட்டுக் குளிர்ந்த தகரத்தில் நம் மூச்சும் அடுப்பு நீராவியும் படிந்து சொட்டுகிறது. கீழே ஒரு சீலிங், இடையில் காற்றோட்டமுள்ள ஒரு வெளி, சீலிங்கின் மேல் சூடு காக்கும் ஒரு படை இருந்தால் சொட்டும் நிற்கும், குளிரும் குறையும். விறகு அடுப்புக்குச் சரியான புகைபோக்கி வைப்பது அம்மாமாரின் நுரையீரலுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உபகாரம். சோலார் தட்டு போடலாம். மப்பான மாதங்களில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். வெந்நீருக்கான சோலார் தாங்கி எனக்கு அதைவிடப் பிடிக்கும், விறகு மிச்சம்.

புதிதாகக் கட்டுவதே எப்போதும் விடை இல்லை. கந்தப்பொலையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலையை இடிக்காமல் 1996இல் ஹோட்டலாக்கினார்கள். மூடிக் கிடக்கும் தொழிற்சாலைகள் மலையகத்தில் இன்னும் இருக்கின்றன. தொழிற்பயிற்சிக் கூடம், நூலகம், வெள்ளத்துக்குத் தங்குமிடம் என்று எதுவாகவும் ஆக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு கசப்பான ஒன்று. மலையகத்தில் மிகப் பெரிய வடிவமைப்பு முடிவு, வீடு எந்த இடத்தில் என்பது. அந்த முடிவு பெரும்பாலும் கட்டடக் கலைஞர் வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டிருக்கும். காணி அரசுடையது, கையில் வைத்திருப்பது கம்பனி. தேயிலைக்கு உதவாத துண்டு நிலம் வீட்டுக்கு ஒதுக்கப்படும். உதவாததற்குக் காரணம் சில சமயம் அது நகர்ந்துகொண்டிருப்பதுதான். மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று 2005இலேயே எச்சரிக்கை போயிருந்தது. மக்கள் போக வேறு இடம் கொடுக்கப்படவில்லை. ஆகவே அபாய வலய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, காணி தேர்வு செய்யும் கூட்டத்திலேயே உட்கார்ந்து, இங்கே முடியாது, அங்கே கொடுங்கள் என்று சொல்லக்கூடிய ஆட்கள் நமக்கு வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் சொல்லத் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது. கூட்டம் சிங்களத்தில் நடக்கும், வீட்டுக்காரர்கள் தமிழில் கேட்பார்கள்.

கடைசியாக நீங்கள் கேட்டது: மொரட்டுவையா, சிட்டி ஸ்கூலா. இடம் கிடைத்தால் மொரட்டுவைக்கே போங்கள். அங்கே பொறியியல் பீடமும் பக்கத்தில்தான். மண் இயந்திரவியல் வகுப்பு எப்போது என்று கேட்டு, உங்கள் பாடத்தில் இல்லாவிட்டாலும் போய் உட்காருங்கள். கிடைக்காவிட்டால் சிட்டி ஸ்கூல் குறைந்தது இல்லை. வேலை செய்துகொண்டே படிக்கலாம், பயிற்சிக்கு எந்த அலுவலகத்தில் சேர்வது என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். கண்டியிலோ பண்டாரவளையிலோ சரிவில் கட்டுகிற அலுவலகமாகப் பாருங்கள். பெறுபேறு வரும் வரைக்கும் சும்மா இருக்கிற மாதங்களில், உங்கள் லயத்தைச் சுற்றியுள்ள கான்களை ஒரு பெரிய தாளில் வரைந்து வையுங்கள். மழை பெய்யும்போது குடையோடு போய், எது ஓடுகிறது, எது அடைத்திருக்கிறது என்று நிறம் போடுங்கள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் அந்தத் தாளை எடுத்துப் போங்கள்.